வீட்டு பீரின் ஆல்கஹாலும் கசப்பும்: ஒன்று அளவு, இன்னொன்று மதிப்பீடு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். லண்டனில் உங்கள் வீட்டுச் சமையலறையில் 4 கிலோ பேல் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) 250 கிராம் கிரிஸ்டல் மால்ட்டும் (வறுத்த இனிப்பு மால்ட்) போட்டு 20 லிட்டர் இங்கிலீஷ் பிட்டர் என்ற கசப்பு பீர் செய்திருக்கிறீர்கள். தண்ணீரை 1.000 என்று வைத்தால் தொடக்க அடர்த்தி 1.048 வரும் என்றது செய்முறை. வோர்ட் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) 40 டிகிரி சூட்டில் இருந்தபோது, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.042 காட்டியது. நொதித்து முடிந்து ஆறிய பீரில் 1.012. அப்படியானால் ஆல்கஹால் 3.9 சதவீதமா, 4.7 சதவீதமா? கசப்புக்கு ஒரு கால்குலேட்டர் 30 ஐபியு (கசப்பின் அலகு) என்கிறது, இன்னொன்று 36 என்கிறது. குடித்துப் பார்த்த நண்பர்களோ கடையில் வாங்கும் பிட்டரைவிட நன்றாகவே கசக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

நான் 11 ஆண்டுகளாக வீட்டில் பீர் செய்கிறேன். இந்த இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. ஆல்கஹாலை வீட்டிலேயே அளந்துவிடலாம், கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். கசப்பை வீட்டில் அளக்க வழியில்லை, கணக்குப் போட்டு மதிப்பிடலாம், அவ்வளவுதான். முதல் எண்ணில் 0.8 சதவீத வித்தியாசம் வந்தால் எங்கோ பிழை இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது எண்ணில் 6 புள்ளி வித்தியாசம் வந்தால் அது இயல்பு.

சரி, ஆல்கஹாலில் இருந்து தொடங்குவோம். ஊரில் பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரோமீட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. திரவம் அடர்த்தியாக இருந்தால் உயரே மிதக்கும், நீர்த்திருந்தால் உள்ளே இறங்கும். வோர்ட்டில் கரைந்திருக்கும் சர்க்கரை அதைத் தூக்கிப் பிடிக்கிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போது கருவி கீழே இறங்குகிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து ஏட்டுக்கணக்கில் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். வாயு வெளியேறிவிடுகிறது. எவ்வளவு எடை குறைந்தது என்று தெரிந்தால் எவ்வளவு ஆல்கஹால் உருவானது என்பதும் தெரிந்துவிடும். முழுக் கணக்கும் இந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

நடைமுறையில் ஈஸ்ட் தன் உடலை வளர்த்துக்கொள்ளவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பிராகாவில் வேலை செய்த கார்ல் பாலிங் 19-ஆம் நூற்றாண்டில் இதை அளந்து, 2.0665 கிராம் சர்க்கரைச் சத்திலிருந்து 1 கிராம் ஆல்கஹாலும் 0.9565 கிராம் வாயுவும் 0.11 கிராம் ஈஸ்ட்டும் வரும் என்று கணக்கிட்டார். பீர் உலகம் இன்றும் அந்த எண்களின் மேல்தான் ஓடுகிறது.

இப்போது உங்கள் 1.042. பிழை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவு குறிக்கப்பட்டவை (பழையவை சில 15.5 டிகிரிக்கு, தாளிலேயே எழுதியிருக்கும்). சூடான திரவம் விரிந்து லேசாகிவிடும், கருவி உள்ளே இறங்கிக் குறைத்துக் காட்டும். 30 டிகிரியில் சுமார் 2.5 புள்ளி குறையும் (அடர்த்தியில் ஒரு புள்ளி என்றால் 0.001). 40 டிகிரியில் 6 புள்ளி குறையும். உங்கள் 1.042-உடன் அந்த 6 புள்ளியைச் சேர்த்தால் 1.048, செய்முறை சொன்ன அதே எண். உங்கள் மால்ட்டிலும் குறையில்லை, பானையிலும் குறையில்லை. அடுத்த முறை ஒரு சிறு குவளையில் வோர்ட்டை எடுத்து மூடி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்துவிடுங்கள். திருத்தக் கணக்கு 40 டிகிரி வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் நம்ப முடியாது. கொதிக்கக் கொதிக்க விட்டால் கண்ணாடியே வெடிக்கவும் கூடும்.

அந்த 1.048 எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்களே போட்டுப் பாருங்கள், கால்குலேட்டரை நம்பியிருக்க வேண்டாம். ஒரு கிலோ பேல் மால்ட்டின் சத்து முழுவதையும் ஒரு லிட்டரில் இறக்க முடிந்தால் சுமார் 300 புள்ளி வரும். கிரிஸ்டல் மால்ட் 270 என்று வைத்துக்கொள்ளலாம். 4 × 300 = 1200, 0.25 × 270 = 67.5, மொத்தம் 1267. இதில் வீட்டுப் பாத்திரத்தில் நமக்குக் கிடைப்பது முக்கால் பங்கு, அதாவது 950. இதை 20 லிட்டரால் வகுத்தால் 47.5. அதுதான் 1.048. அந்த முக்கால் பங்கு, அதாவது 75 சதவீதம், ஒவ்வொருவர் வீட்டிலும் மாறும். நான்கைந்து முறை செய்து உங்கள் பானையின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் செய்முறைகள் பொய் சொல்லாது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடி என்றால் கிலோவுக்குச் சுமார் 367, சர்க்கரை என்றால் 384. இவை முழுதும் கரைந்துவிடும், முக்கால் பங்குக் கணக்கு வேண்டாம்.

ஒரு சின்ன விலகல். மதுவடிப்பில் இந்தக் கருவியை வைத்துக் கணக்கிடும் முறையை ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை போர்ட்டர் என்ற லண்டனின் கருநிற பீரைக் கருகிய பழுப்பு மால்ட்டில்தான் செய்துகொண்டிருந்தார்கள், விலை மலிவு என்பதால். ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தபோதுதான் பழுப்பு மால்ட்டில் சத்து எவ்வளவு குறைவு, பேல் மால்ட்டே உண்மையில் லாபம் என்று தெரிந்தது. போர்ட்டரின் செய்முறையே மாறிப்போனது. ஒரு சின்னக் கருவி ஒரு நகரத்தின் பீரை மாற்றியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

உங்கள் பீருக்குத் திரும்புவோம். எளிய சூத்திரம்: தொடக்க அடர்த்தியிலிருந்து இறுதி அடர்த்தியைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.048 − 1.012 = 0.036. 0.036 × 131.25 = 4.7 சதவீதம். பிரிட்டிஷ் வரித்துறையின் அட்டவணை இந்த அளவு இறக்கத்துக்கு ஒரு புள்ளிக்கு 0.129 என்று வைக்கிறது, அப்படிப் போட்டால் 4.6. இன்னும் நுணுக்கமான சூத்திரம் ஒன்று இருக்கிறது: 76.08-ஐ அடர்த்தி வித்தியாசத்தால் பெருக்கி, 1.775-லிருந்து தொடக்க அடர்த்தியைக் கழித்து வருவதால் வகுத்து, விடையை இறுதி அடர்த்தியால் பெருக்கி 0.794-ஆல் வகுக்க வேண்டும். அது 4.8 தருகிறது. மூன்றும் 0.2-க்குள் அடங்கிவிடுகின்றன. உங்கள் ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளியைத் தவறாகப் படித்தாலே 0.13 சதவீதம் போய்விடும் என்பதால், சாதாரண பீருக்கு எந்தச் சூத்திரம் என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கனமான பீர் செய்யும்போது மட்டும் கவனியுங்கள். 1.090-லிருந்து 1.020-க்கு இறங்கிய பீருக்கு எளிய சூத்திரம் 9.2 என்கிறது, நுணுக்கமானது 10 என்கிறது. அங்கே இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

இறுதி அடர்த்தியை அளப்பதில் இரண்டு விஷயம். பீரில் கரைந்திருக்கும் வாயு குமிழிகளாகக் கருவியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடும். இரண்டு குவளைகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கி, கருவியை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, திரவ மட்டத்தின் அடிவளைவைப் படியுங்கள். இரண்டாவது விஷயம் கணக்கைவிட முக்கியமானது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து எண் மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். பாதி நொதித்த பீரை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் அப்புறம் வருந்திப் பயனில்லை.

பாட்டிலில் வாயு ஏறச் சர்க்கரை போட்டிருப்பீர்கள். 20 லிட்டருக்கு 120 கிராம் போட்டிருந்தால் அதுவும் நொதித்து சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் ஆல்கஹாலைக் கூட்டும். ஆக உங்கள் கிளாஸில் இருப்பது 5 சதவீதத்தை ஒட்டிய பீர். பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குடித்துவிட்டு வண்டி எடுக்கும் நிலையில் யாராவது இருந்தால் இந்த 0.4-ம் பொருட்டுதான்.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொதிக்கும் நாளில் இரண்டு சொட்டில் வேலை முடிவதால் தொடக்க அளவுக்கு அருமையான கருவி. நொதித்த பீரில் மட்டும் அதை நேரடியாக நம்ப வேண்டாம். ஆல்கஹாலும் ஒளியை வளைப்பதால் உங்கள் 1.012 பீர் அதில் கிட்டத்தட்ட 1.024 போலத் தெரியும். நொதிப்பு பாதியில் நின்றுவிட்டது என்று பதறி, இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

தொடக்க அடர்த்தியைக் குறிக்கவே மறந்துவிட்டால்? அதற்கும் ஒரு பழைய வழி உண்டு. பீரை அளந்து 200 மில்லி எடுத்து, அடர்த்தியைக் குறித்துக்கொண்டு, பாதியாகும் வரை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஆல்கஹால் போய்விடும். ஆறிய பின் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிச் சரியாக 200 மில்லிக்குக் கொண்டுவந்து மீண்டும் அளந்தால் அடர்த்தி கூடியிருக்கும். ஒரு சதவீத ஆல்கஹாலுக்குச் சுமார் 1.4 புள்ளி கூடும். 4.7 சதவீத பீரில் வித்தியாசம் 7 புள்ளிக்கும் குறைவுதான். ஒரு புள்ளி தவறினால் 0.7 சதவீதம் தவறிவிடும் என்பதால் இதை வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யலாம்.

இனி கசப்பு. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அதன் பிசினில் ஆல்ஃபா அமிலங்கள் இருக்கின்றன. அவை அப்படியே பீரில் அதிகம் கரையாது, பெரிய கசப்பும் தராது. கொதிக்கும் வோர்ட்டில் அவற்றின் மூலக்கூறு வடிவம் மாறி ஐசோ-ஆல்ஃபா அமிலமாகிறது. கரைவதும் கசப்பதும் அதுதான். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் ஐசோ-ஆல்ஃபா அமிலம் என்றால் சுமார் 1 ஐபியு. ஆகவே கணக்கு எளிது: போட்ட ஹாப்ஸின் எடை, அதில் எத்தனை சதவீதம் ஆல்ஃபா அமிலம், அதில் எத்தனை பங்கு மாறிக் கரைந்தது, மொத்தம் எத்தனை லிட்டர். முதல் இரண்டும் பாக்கெட்டிலும் தராசிலும் தெரிகிறது. நான்காவதை அளக்கலாம். மூன்றாவது ஊகம். கால்குலேட்டர்கள் சண்டை போடுவது முழுக்க அந்த மூன்றாவதில்தான்.

அதிகம் பேர் பயன்படுத்துவது கிளென் டின்செத் என்ற அமெரிக்கர் தந்த சூத்திரம். அது கொதிக்கும் நேரத்தையும் வோர்ட்டின் அடர்த்தியையும் எடுத்துக்கொள்கிறது. 1.048 வோர்ட்டில் 60 நிமிடம் கொதித்த ஹாப்ஸில் 23.5 சதவீதம் பயன்படும், 30 நிமிடத்தில் 18, 15 நிமிடத்தில் 11.7, 5 நிமிடத்தில் 4.7. அடர்த்தி கூடினால் பயன் குறையும். 1.080 வோர்ட்டில் அதே 60 நிமிடம் 17.6 சதவீதம்தான் தரும்.

உங்கள் ஹாப்ஸைப் போட்டுப் பார்ப்போம். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் வகை 35 கிராம், ஆல்ஃபா அமிலம் 5.5 சதவீதம், 60 நிமிடம். 35 கிராமில் ஆல்ஃபா அமிலம் 1925 மில்லிகிராம், 20 லிட்டருக்குப் பிரித்தால் 96, அதில் 23.5 சதவீதம் என்றால் 22.6 ஐபியு. ஃபக்கிள் என்ற இன்னொரு வகை 20 கிராம், 4.5 சதவீதம், 15 நிமிடம்: 5.2. கடைசி 5 நிமிடத்தில் இன்னும் 20 கிராம் கோல்டிங்ஸ்: 2.6. கூட்டினால் 30. உங்கள் முதல் கால்குலேட்டர் இதைத்தான் போட்டிருக்கிறது. இரண்டாவது, ஜாக்கி ரேகர் தந்த இன்னொரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. அவர் கணக்கில் 60 நிமிட ஹாப்ஸ் 31 சதவீதம் வரை பயன்படும். முதல் ஹாப்ஸிலிருந்து மட்டுமே 29.6, மொத்தம் 36. இரண்டில் எது சரி என்று கேட்டால் உங்கள் பானையில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் பீரை அமிலமாக்கி, ஐசோ-ஆக்டேனில் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, 275 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து 50-ஆல் பெருக்குகிறார்கள். அது வீட்டில் நடக்காது.

அதனால் நான் செய்வது இது: டின்செத்தை மட்டுமே வைத்துக்கொண்டு, வேறு எந்தக் கால்குலேட்டரையும் திறப்பதில்லை. அவர் கணக்கில் 30 வந்த பீர் என் நாக்குக்கு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதுவேன். அடுத்த பீர் 38 என்றால் அது முந்தையதைவிட எவ்வளவு கூட என்பது எனக்குத் தெரியும். உண்மையான எண் 27 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம். ஒரே அளவுகோலை மாற்றாமல் பிடித்தால் ஒப்பீடு சரியாக வரும். நமக்கு வேண்டியது அதுதான். இரண்டு சூத்திரங்களின் சராசரியை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இரண்டு ஊகத்தைக் கலந்தால் மூன்றாவது ஊகம்தான் வரும்.

சூத்திரத்தைவிடப் பெரிய பிழைகள் நம் கையில் நடக்கின்றன. முதலாவது, லிட்டர் கணக்கு. நான் முதல் வருடம் முழுக்கப் பானையைக் கண்ணால் பார்த்தே 20 லிட்டர் என்று எழுதிவந்தேன். ஒரு நாள் ஜக்கால் அளந்து ஊற்றிப் பார்த்தபோது அந்த மட்டம் 18 லிட்டர். 20-க்குப் போட்ட 30 ஐபியு 18 லிட்டரில் 33 ஆகிவிடும், அடர்த்தியும் 1.048-லிருந்து 1.053-க்குப் போய்விடும். ஒரு மரக்கரண்டியில் லிட்டர் லிட்டராகக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் திரவம் 4 சதவீதம் விரிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், சூட்டில் 20.8 லிட்டர் காட்டினால் ஆறியதும் 20. பானை அடியில் வண்டலோடு ஒரு லிட்டரை விட்டுவிட்டால் அதற்காக எண்ணை மாற்ற வேண்டியதில்லை, செறிவு மாறவில்லையே.

இரண்டாவது, ஹாப்ஸின் வயது. பாக்கெட்டில் உள்ள ஆல்ஃபா சதவீதம் அறுவடை முடிந்த காலத்து எண். கென்ட்டில் ஹாப்ஸ் அறுவடை செப்டம்பரில். அடுத்த கோடை வரை சமையலறை அலமாரியில் திறந்து கிடந்த பாக்கெட்டில் அந்த எண் இருக்காது. காற்றுப் புகாமல் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு கடையில் சதவீதமே எழுதாத பாக்கெட்டை எனக்கு விற்றார்கள். அப்படிப்பட்டதை வாசனைக்காகக் கடைசி நிமிடத்தில் போடலாம், 60 நிமிடத்துக்குப் போட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இனி உங்கள் நண்பர்களின் நாக்கு. 30 ஐபியு என்பது பிட்டருக்கு நடுத்தரமான அளவு. பிறகு ஏன் கூடுதலாகக் கசக்கிறது? பாகற்காய்க் குழம்பில் வெல்லம் போட்டால் கசப்பு எங்கேயும் போவதில்லை, ஆனால் நாக்கில் அடங்கிவிடுகிறது. பீரில் அந்த வெல்லத்தின் வேலையை மீந்திருக்கும் மால்ட் சத்து செய்கிறது. அதனால்தான் ஐபியுவை அடர்த்திப் புள்ளியால் வகுத்துப் பார்ப்பார்கள்: 30-ஐ 48-ஆல் வகுத்தால் 0.63. 0.5-ஐ ஒட்டி இருந்தால் சமநிலை போலத் தெரியும், 0.8-க்கு மேல் போனால் கசப்பு முன்னே நிற்கும். உங்கள் 0.63 பிட்டருக்குப் பொருத்தம்தான். ஆகவே காரணம் ஹாப்ஸ் எடையில் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் சந்தேகப்படுவது நீங்கள் தண்ணீரில் போட்ட ஜிப்சத்தை (கால்சியம் சல்ஃபேட் உப்பு). ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருந்தீர்கள், அது சுமார் 5 கிராம். மொத்தம் 27 லிட்டர் தண்ணீரில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்ஃபேட்டைக் கூட்டும், குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே உள்ளது தனி. சல்ஃபேட் ஐபியுவைக் கூட்டாது, கசப்பைக் கூர்மையாக, வறட்டுத்தன்மையோடு உணரவைக்கும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் இயற்கையாகவே சல்ஃபேட் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருப்பதால்தான் அந்த ஊரின் பேல் ஏல் என்ற வெளிர் பீர் பேர் வாங்கியது. எந்தக் கால்குலேட்டரும் ஐபியுவில் இதைக் காட்டாது.

இரண்டாவது சந்தேகம், பீர் இளசு. அடைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். கலங்கிய பீரில் ஈஸ்ட்டும் ஹாப்ஸ் துகளும் மிதந்துகொண்டிருக்கும், அவையும் தொண்டையில் கரகரவென்று கசக்கும்.

இந்தத் தொகுதியை இன்னும் மூன்று வாரம் குளிர்ந்த இடத்தில் நிற்க வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றிக் குடித்துப் பாருங்கள். அப்போதும் கசப்பு தூக்கலாக இருந்தால், அடுத்த முறை ஹாப்ஸைத் தொடாமல் ஜிப்சத்தை மட்டும் அரைத் தேக்கரண்டியாக்குங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், அதற்கு அடுத்த முறை 60 நிமிட கோல்டிங்ஸை 35-லிருந்து 27 கிராமாகக் குறையுங்கள், டின்செத் கணக்கில் 25 வரும். ஐபியுவில் சுமார் 5 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசம் பெரும்பாலோர் நாக்குக்குத் தெரியாது. அதனால் ஒன்றிரண்டு கிராம் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவும் வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கடைசியாக நீங்கள் கேட்ட சட்ட விஷயம். பிரிட்டனில் 1963-இலிருந்து வீட்டு உபயோகத்துக்கு பீர் செய்ய உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பா வீட்டிலும் ஒரு பானை போடலாமா என்றீர்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தராது. பாட்டிலில் ஒட்ட நினைத்த லேபிளில் 5 சதவீதம் என்றே எழுதுங்கள், அடைக்கும்போது போட்ட சர்க்கரையையும் சேர்த்து அதுதான் நெருக்கமான எண்.